ஆறு ஏன் இடப்பக்கமே வருகிறது

என் மகள் மிளகுக்கு, அம்மா எழுதுவது. நீ அங்கே சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன், இருந்தே ஆகவேண்டும், நான் திட்டப்போகிற திட்டைத் தாங்க உடம்பில் தெம்பு வேண்டாமா. இங்கே எல்லாரும் நலம் என்று வழக்கம்போல எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ‘இங்கே எல்லாரும்’ வரைக்கும் வந்தது, அதற்கு மேல் கை நகரவில்லை. யார் நலம், யார் நலமில்லை என்பது என்னைவிட உனக்குத்தானே நன்றாகத் தெரியும். எட்டு மாதமாகத் தெரியுமே.

போனில் கேட்டிருக்கலாமே என்பாய். கேட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நான் குரலை உயர்த்தினால் போதும், உன் ஊரில் இருக்கிற டவரெல்லாம் ஒரே நேரத்தில் சாய்ந்துவிடும், அம்மா சிக்னல் விட்டு விட்டு வருது என்று வைத்துவிடுவாய். கடிதத்தைத் துண்டிக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும், என் பெண் அந்த அளவுக்குப் போகமாட்டாள். டெப்போவில் மதிய இடைவேளையில் உட்கார்ந்து பழைய டூட்டி சார்ட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். திருப்பிப் பார்த்தால் போன மாதம் யார் எந்த பஸ்ஸை ஓட்டினார்கள் என்று இருக்கும், அதைப் படித்துப் பொழுதைப் போக்காமல் இந்தப் பக்கத்தைப் படி.

நம் ஆற்றுப் பள்ளத்தாக்குப் பயணத்தைப் பற்றித்தான். இருபத்தெட்டு வருஷமாக உன் அப்பா போட்டுக்கொண்டிருக்கிற திட்டம். அந்த வளைந்த சாலை, ஆற்றின் ஓரத்திலேயே போகுமாம், நடுவில் பழைய சுங்கச்சாவடி, பாதி இடிந்த தண்ணீர் ஆலை, ஒற்றை வளைவுக் கல்பாலம், எல்லாவற்றுக்கும் மேலே மலை மூக்கில் அந்தக் கோட்டை. முதல் தடவை கிளம்பியபோது நீ என் வயிற்றில் இருந்தாய், மூன்றாவது கிலோமீட்டரில் நான் எடுத்த வாந்தியில் திரும்பி வந்தோம். இரண்டாம் தடவை எனக்கு வேலை மாற்றம். மூன்றாம் தடவை அவர் கிளம்புகிற அன்று இரண்டு தும்மல் போட்டார் என்பதற்காக நான் பயணத்தையே ரத்து செய்துவிட்டேன். ஆமாம், நான்தான். அதை நீங்கள் இருவரும் இன்னும் மறக்கவில்லை என்பது இப்போது புரிகிறது. நான்காம் தடவைதான் நீ லீவில் வந்து, நீயே வண்டி ஓட்டி, எங்களை நான்கு நாள் கூட்டிப்போவதாக ஏற்பாடு. நீயும் அப்பாவும் வாரம் தவறாமல் போனில் ஒரு மணி நேரம் வழி போட்டீர்கள். என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. நாற்பத்தாறு பஸ்ஸுக்கும் தொண்ணூற்றிரண்டு ஓட்டுநருக்கும் தினமும் வழியும் நேரமும் போடுகிறவளிடம், அம்மா, வழியில் சாப்பிட என்ன எடுத்துவருவே என்று மட்டும் கேட்டீர்கள். பின் இருக்கையில் சாப்பாட்டுப் பை, அந்தப் பைக்குப் பக்கத்தில் இன்னொரு பையாக நான்.

சரி, போகட்டும் என்றுதான் இருந்தேன். அப்பா வரைந்து வைத்திருந்த வழியை ஒருநாள் எடுத்துப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. நம் வீடு இருக்கிற கரையிலேயே நேராக மேலே ஏறிப் போய், உச்சியில் கல்பாலத்தில் கடந்து, அந்தக் கரையில் இறங்கி வந்தால் ஒழுங்கான சுற்று. உன் அப்பா என்ன செய்திருக்கிறார், முதல்நாள் காலையிலேயே தலைகீழாகக் கீழ்ப்பக்கம் நாற்பது கிலோமீட்டர் போய், லாரி ஷெட்டும் செங்கல் சூளையும் பார்த்துக்கொண்டே இரும்புப் பாலத்தைக் கடந்து, எதிர்க்கரையில் ஏறி, நம் கரையில் இறங்கி வருகிறார். மொத்தத் தூரம் ஒன்றுதான். ஆனால் அப்படிப் போனால் கோட்டைக்கு நாம் போய்ச் சேருவது அது வாரத்தில் மூடியிருக்கிற ஒரே நாளில். இருபத்தெட்டு வருஷமாகக் கோட்டை கோட்டை என்று உயிரை எடுத்த மனிதர், அதன் பூட்டைப் பார்த்துவிட்டு வரத் தயாராக இருந்தார். ஏன் என்று கேட்டால் வெயில் கண்ணில் அடிக்கும் என்றார், இறக்கம் அந்தப் பக்கம் நன்றாயிருக்கும் என்றார், பிறகு நீயும் அதையே சொன்னாய். அதே வார்த்தை, அதே வரிசை. ஒரே வாத்தியாரிடம் படித்த இரண்டு பொய்ச்சாட்சி மாதிரி.

எனக்கு வீட்டில் மூளை வேலை செய்யாது, டெப்போவில்தான் செய்யும். இங்கே இருபது வருஷத்தில் நான் கற்றது ஒன்றே ஒன்று. ஒரு ஓட்டுநர் எந்த ரூட்டைக் கேட்கிறான் என்பதில் ஒன்றும் இல்லை, எந்த ரூட்டை வேண்டாம் என்கிறான் என்பதில்தான் அவன் வண்டவாளம் இருக்கிறது. பட்டாணி என்று நாங்கள் கூப்பிடும் ஓட்டுநர் ஒருவன் மூன்று மாதம் சாயங்கால டூட்டியே வேண்டாம் என்றான், வீட்டில் மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்றான். பின்னால் இரவல் ஸ்கூட்டரைக் கேட்டு வாங்கிப்போய் விசாரித்தேன், அவனுக்கு மாமியாரே இல்லை. பொழுது சாய்ந்தால் அவனுக்குப் பார்வை மங்குகிறது என்று கண்டுபிடித்தது நான்தான், மேலாளர் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார், நானும் ஒரு வாரம் தலையைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். இப்போது உன் அப்பா வேண்டாம் என்கிற வழியை எடுத்து இதே மேஜையில் விரித்து வைத்தேன். பென்சிலால் ஒவ்வொரு வளைவாகப் போனேன். என் வழியில் போனால் ஏறும்போதும் ஆறு வலப்பக்கம், இறங்கும்போதும் வலப்பக்கம். அவர் வழியில் போனால் நான்கு நாளும் ஆறு இடப்பக்கம். நீ ஓட்டுவாய், அவர் உன் பக்கத்தில் இடது ஜன்னல் ஓரம் உட்காருவார். ஸ்டீயரிங்கை நான் தொட்டாலே நெஞ்சு வலிக்கிற மனிதர், மிளகு ஓட்டட்டும் என்று தானாகச் சொன்னாரே, அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் மெதுவாகப் போய் வலப்பக்கம், காதுக்கு நேரே, ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டேன். உனக்குத்தான் என் புத்தி தெரியுமே, சும்மா நிற்கத் தெரியாது. நாக்கை முழுசாக நீட்டி, கண்ணை உருட்டி, காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றேன். உன் அப்பா முன்னால் நான் அப்படிச் செய்து அவர் சிரிக்காத நாள் கிடையாது. அவர் ஒரு பக்கம் படித்து முடித்தார், விரலை எச்சில் தொட்டு அடுத்த பக்கம் திருப்பினார். நான் அங்கேயே நின்றேன். நீட்டிய நாக்கை உள்ளே இழுக்கவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. ஐம்பத்தைந்து வயசில் ஒரு பொம்பளை நடு வீட்டில் நாக்கை நீட்டிக்கொண்டு கண்ணீர் விட்டதைப் பார்க்க நல்லவேளை யாரும் இல்லை, பார்க்க வேண்டியவருக்கும் தெரியவில்லை.

அப்புறம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து முகத்தில் அறைந்தது. தண்ணீரை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றியது. வண்டியின் வலது கதவைக் கேட் தூணில் உரசியது. அதற்கு நான் தெருவே கேட்கும்படி கண்ணு தெரியலையா என்று கத்தியது. எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பல் செட்டுகள். அவர் பல் லேபில் செய்துகொடுத்த மூன்று செட் மேலும் கீழும் பொருந்தவில்லை என்று திரும்பி வந்ததே, அதில் ஒன்றைப் போட்டுக்கொண்ட பெரியவர் சிரித்தால் அழுகிற மாதிரி இருந்தது என்று பல் டாக்டர் சொன்னாராமே, அதை நான் சும்மா விட்டேனா. தாடையை ஒரு பக்கம் கோணிக்கொண்டு நடித்துக் காட்டினேன், டெப்போவில் காட்டினேன், உன் அத்தை வீட்டு மாடியில் பதினோரு பேருக்கு முன்னால் காட்டினேன். உன் அப்பாவும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அவரும் சிரித்தார். ஒரு கண்ணால் எவ்வளவு ஆழம் என்று தெரியாமல் தடவித் தடவிப் பல் பதித்துக்கொண்டிருந்த மனிதர், என் நடிப்பைப் பார்த்துச் சிரித்தார். உன் அத்தைக்கு அப்போதே தெரியும் என்று இப்போது தெரிகிறது. லேப் முதலாளிக்கும் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன், நீங்கள் பூசணித் தோட்டத்தையே மறைத்துவிட்டீர்கள்.

பேப்பரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நேருக்கு நேர் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அதில் துடைக்க ஒன்றும் இல்லை. பிறகு சொன்னார், “உன்கிட்ட சொன்னா ஒண்ணு கதை பண்ணுவே, இல்ல அழுவே. ரெண்டையும் பாக்க எனக்குத் தெம்பு இல்ல.” மிளகு, உன் அப்பா என்னை இருபத்தெட்டு வருஷத்தில் அடித்ததில்லை. அன்றைக்கு வாங்கினேன்.

அழுது முடித்ததும் கோபம் வந்தது, இன்னும் போகவில்லை. அரை நாள் லீவு போட்டுக் கண் டாக்டரைப் போய்ப் பார்த்தேன். சின்னப் பெண், உன்னைவிட இரண்டு வயசு கூட இருக்கலாம், என்னை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னாள். கண்ணுக்குள்ளே அழுத்தம் ஏறி வலது கண் நரம்பு போய்விட்டது, அது திரும்பாது. இடது கண்ணிலும் அழுத்தம் ஏறியிருக்கிறது, மருந்துக்கு அடங்கவில்லை, ஆபரேஷன் செய்தால் இருக்கிற பார்வையைக் காப்பாற்றி வைக்கலாம், தள்ளிப்போட்டால் தன்னால் ஒரு உறுதியும் தரமுடியாது என்றாள். இரண்டு தடவை தேதி கொடுத்தாளாம், இரண்டு தடவையும் உன் அப்பா தள்ளிப்போட்டிருக்கிறார், மகள் லீவில் வருகிறாள், ஊர் சுற்றிவிட்டு வந்து செய்துகொள்கிறேன் என்று. அவருடைய படிவத்தைக் காட்டினாள். அவசரத்துக்கு யாரைக் கூப்பிடவேண்டும் என்கிற இடத்தில் உன் நம்பர். கடல் தாண்டி, பகலுக்கு இரவாக இருக்கிற உன் நம்பர். நாலு தெரு தள்ளி டெப்போவில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற என் நம்பர் இல்லை. அவருக்கு என்னவாவது ஆனால் நீ அங்கிருந்து என்ன செய்வாய், ஓடிவருவாயா, இல்லை எனக்குப் போன் செய்து, அம்மா, நீ கொஞ்சம் போய்ப் பாரு என்று சொல்வாயா. அந்தப் பெண் முன்னால் எனக்கு ஏற்பட்ட அவமானத்தை எழுத்தில் எழுத முடியாது. நோயாளிக்கு மனைவி இருக்கிறாள் என்பதே எனக்கு இப்பதான் தெரியும் என்கிற மாதிரி பார்த்தாள்.

உன் மேல் எனக்கு என்ன கோபம் என்று நிறுத்திச் சொல்கிறேன். அப்பா பயந்தவர், ஊசியைப் பார்த்தால் மயக்கம் போடுகிறவர், அடுத்தவன் வாய்க்குள் இருக்க வேண்டியதைக் கையில் வைத்துக்கொண்டு முப்பது வருஷம் வேலை பார்த்தவருக்குத் தன் உடம்பில் ஒரு கீறல் என்றால் உலகமே முடிந்தது. அவர் மறைப்பார். நீ படித்தவள். தேதி தள்ளிப்போகிறது என்று தெரிந்தும், அப்பா ஆசைப்படுகிறார், ஒரு தடவை போய்விட்டு வந்துவிடலாம் என்று நீ கூடச் சேர்ந்து வழி போட்டாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை. அவர் கேட்டதைக் கொடுப்பதுதான் பாசம் என்று உனக்கு யார் சொன்னது. அது எங்கிருந்தோ வருகிற விருந்தாளியின் பாசம். வீட்டில் இருக்கிறவர்கள் வேண்டாம் என்றும் சொல்ல வேண்டியிருக்கும். உனக்கு நான் அதை எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், நீ எத்தனை கதவைச் சாத்தியிருக்கிறாய், இன்றைக்கும் உன் அறைக் கதவு சரியாகச் சேராது.

டாக்டரிடம் கையோடு தேதி வாங்கிவிட்டேன். இன்றிலிருந்து பன்னிரண்டாம் நாள், வியாழக்கிழமை காலை. அதற்கப்புறம் ஆறு வாரம் தூசி ஆகாது, குனியக் கூடாது, குலுங்கக் கூடாது, பிறகு எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றாள். வீட்டுக்கு வந்து சொன்னேன். மிளகு டிக்கெட் போட்டாச்சு, லீவு சொல்லியாச்சு என்றார். தள்ளிவைக்கச் சொல்லலாம் என்றேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார், “கத்தி வச்சு இதுவும் போயிட்டா? அந்த ஆத்தை ஒரு தடவை பாத்துடறேனே.” பாத்துட்டுப் போக அது என்ன சாவு வீடா என்று நான் கத்தினேன். என் வாய் அப்படித்தான், பாவம் பார்க்கிற நேரத்திலும் அதற்குக் கத்தத்தான் தெரிகிறது. ஆனால் அவர் எதற்காக அந்த வழியை அப்படி வளைத்தார், எதற்காகக் கோட்டையைக்கூட விட்டார் என்று அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. கோட்டை போனால் போகட்டும், நான்கு நாளும் ஆறு மட்டும் கண் பக்கம் இருக்கவேண்டும்.

ஆகவே நீ செய்யவேண்டியது இது. இந்தக் கடிதம் கூரியரில் ஐந்து நாளில் வரும். படித்த அன்றே டிக்கெட்டை எட்டு வாரம் தள்ளிப்போடு, பிறகு அப்பாவைக் கூப்பிட்டு நீயே சொல், அப்பா, நான் அப்பறம் வரேன், நீ முதல்ல ஆபரேஷன் பண்ணிக்கோ, அதுக்கு முன்னாடி நான் வரவே மாட்டேன் என்று. நான் சொன்னால் அது சண்டை, நீ சொன்னால்தான் அது செய்தி. வேறு காரணம் எதுவும் சொல்லாதே, ஆற்றில் தண்ணீர் இல்லை, ஆபீசில் வேலை என்று அளக்காதே, இந்த வருஷத்துக்கு நம் வீட்டுக்கு ஒதுக்கிய பொய்யை நீங்கள் இருவரும் ஏற்கெனவே தீர்த்துவிட்டீர்கள். அவர் பயப்படுவார், பயப்படட்டும், பக்கத்தில் நான் இருப்பேன். கதை பண்ணமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். அழமாட்டேன் என்று சத்தியம் செய்யவில்லை, அது முடியாது.

பயணத்துக்கு நான் புது டூட்டி போட்டுவிட்டேன், தனித் தாளில் இதோடு வைத்திருக்கிறேன், அதில் கை வைக்கிற வேலை வேண்டாம். வழி அப்பா போட்ட வழியேதான், செங்கல் சூளை, லாரி ஷெட், இரும்புப் பாலம் எல்லாம் உண்டு, ஆறு இடப்பக்கம்தான் வரும். ஒரு நாள் தள்ளிக் கிளம்பினால் கோட்டை திறந்திருக்கும், எட்டு மாதமாக இரண்டு பேர் மூளையைக் கசக்கிய உங்களுக்கு இது தோன்றவில்லை பார். இடது முன் இருக்கை அப்பாவுக்கு. பின் இருக்கை, சாப்பாட்டுப் பையோடு, உனக்கு. வண்டி ஓட்டுவது நான்.

சிரிக்காதே. லைசென்ஸ் எடுத்துப் பதினேழு வருஷம் ஆகிறது, ஓட்ட விட்டது யார். போன ஞாயிற்றுக்கிழமை டெப்போ மைதானத்தில் பழகிப் பார்க்கலாம் என்று சாவியை எடுத்தேன். கண் தெரிகிறதோ இல்லையோ, உன் அப்பா இடப்பக்கம் உட்கார்ந்துகொண்டு இல்லாத பிரேக்கை வழியெல்லாம் மிதித்துக்கொண்டே வந்தார், மெதுவா, மெதுவா என்று. இருபது கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டியில் அதற்கு மேல் மெதுவா என்றால் இறங்கித்தான் தள்ளவேண்டும். மைதானத்தில் எட்டுப் போட்டேன், பின்னால் எடுத்தேன், பட்டாணிகூடக் கைதட்டினான். அந்தப் பெருமையிலேயே வீட்டுக்கு வந்து, அதே கேட், அதே தூண், அதே வலது கதவு, இரண்டு கண்ணும் முழுசாகத் தெரிகிற நான் கொண்டுபோய் உரசினேன். அவர் உரசிய கோட்டுக்கு மேலேயே இன்னொரு கோடு, இழுத்து வரைந்த மாதிரி. எஞ்சினை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். உன் அப்பா முகத்தை முழுசாக என் பக்கம் திருப்பினார், இப்போதெல்லாம் என்னைப் பார்க்க அவர் அப்படித்தான் திரும்பவேண்டும், திரும்பி, தெருவே கேட்கும்படி, “கண்ணு தெரியலையா?” என்றார். எட்டு மாதத்துக்கு அப்புறம் அவர் மனசுவிட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை, இறங்கிக் கதவை அறைந்து சாத்திவிட்டு உள்ளே போய்விட்டேன், சமையலறையில் நின்று அவர் சிரித்து முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மதிய மணி அடித்துவிட்டது, இரண்டாம் ஷிப்ட் ஆட்கள் ஜன்னலில் வந்து நிற்கிறார்கள். நேரத்துக்குச் சாப்பிடு, அறைக் கதவைச் சாத்தாதே, நீயும் போய் உன் கண்ணை ஒருதரம் காட்டிவிட்டு வா, இது பரம்பரையாக வருமாம், டாக்டர் சொன்னாள், இதில் மட்டும் அப்பாவைக் கொண்டு பிறந்துவிடாதே. நீண்ட ஆயுளோடும் ஆரோக்கியத்தோடும், கொஞ்சம் பயத்தோடும் நன்றாக இரு, என் ஆசி உனக்கு எப்போதும் உண்டு, கோபமும் உண்டு, இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. போன் செய்ய மறக்காதே, வியாழக்கிழமைக்கு முன்னால். டாக்டரிடம் இருக்கிற படிவத்தில் உன் நம்பரை என் கையாலேயே அடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய ஆள்,
உன் அம்மா